ரியூப் போடமுன் ஏற்றப்படும் தசைத்தளர்வு ஊசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னி மாவட்டங்களின் வைத்தியசாலைகளில் மயக்க மருந்துப் பிரிவோடும் அவசர சிகிச்சைப் பிரிவோடும் தொடர்புடைய வேலை செய்பவர்களிடம் சில கேள்விகள் ஓயாமல் வந்து சேரும். வெளியே வாங்கில் காத்திருக்கும் உறவினர், பயிற்சிக்கு வரும் தாதிய மாணவர், அம்புலன்ஸில் கூடப் போகும் பணியாளர், சில வேளைகளில் உயர்தர உயிரியல் மாணவர் ஆகியோர் கேட்டவற்றை, அவரவர் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். அளவுகள் விளக்கத்துக்காகத் தரப்பட்டுள்ளன; இப்பக்கத்தைப் பார்த்து எவரும் மருந்து ஏற்ற வேண்டியதில்லை.

ரியூப் போட முதல் ஒரு ஊசி போட்டவை. போட்ட கையோட ஆள் அப்பிடியே அடங்கிப் போச்சு. அது என்ன ஊசி?

ரியூப் என்பது வாய் வழியாக மூச்சுக்குழலுக்குள் செலுத்தப்படும் சுவாசக் குழாய். அதற்கு முன்னர் ஏற்றப்படுவது பெரும்பாலும் ஒரு ஊசியாக இராது. அடுத்தடுத்து ஏற்றப்பட்ட இரண்டாக இருக்கும். முதலாவது கெற்றமின், புரொபோபோல் போன்ற, நினைவை அகற்றும் மருந்து. இரண்டாவது தசைத்தளர்வு மருந்து. நம் தசை அசைய வேண்டுமானால் நரம்பு நுனியிலிருந்து அசற்றைல்கோலின் என்ற பொருள் வெளிப்பட்டுத் தசையின் மேலுள்ள ஏற்பிகளில் போய் ஒட்ட வேண்டும். தசைத்தளர்வு மருந்து அந்த ஏற்பிகளைப் பிடித்துக்கொள்வதால், மூளை கட்டளை அனுப்பினாலும் தசைக்கு அது போய்ச் சேருவதில்லை.

கண் இமை, தாடை, கை, கால் ஆகியவற்றோடு மூச்சு விடப் பயன்படும் பிரிமென்றகடும் தளர்ந்துவிடும். இதயம் அடிப்பது நிற்காது; குடலும் தன் வேலையைச் செய்யும்; ஏனெனில் அவற்றின் தசைகள் வேறு வகையானவை. நீங்கள் கண்ட அந்த அடக்கம் இரண்டாவது மருந்தினால் வந்தது.

அப்ப அது மயக்க ஊசிதானே?

இல்லை. இப்பக்கத்தில் ஒரேயொரு விடயத்தை மட்டும் நினைவில் வைக்க முடியுமானால் இதை வைத்திருங்கள்: தசைத்தளர்வு மருந்து நினைவையும் தொடாது, வலியையும் குறைக்காது, காதையும் அடைக்காது. அசைவை மட்டுமே எடுக்கும். மயக்கம் கொடுக்காமல் இம்மருந்தை மட்டும் ஏற்றினால், ஆள் முழு விழிப்போடு, எல்லாம் கேட்டுக்கொண்டு, மூச்சு எடுக்க முடியாமல் கிடப்பார்.

இது ஊகம் அன்று. 1947இல் அமெரிக்காவின் யூற்றா மாநிலத்தில் ஸ்கொட் சிமித் என்ற மயக்க மருந்து வைத்தியர், தசையை முழுமையாகத் தளர்த்தத் தேவையான அளவைப் போல இரண்டரை மடங்கு ரியூபோகுராறின் என்ற தசைத்தளர்வு மருந்தைத் தன் உடலிலேயே ஏற்றச் செய்தார். சக வைத்தியர்கள் அவருக்குச் செயற்கைச் சுவாசம் கொடுத்தனர். கண் இமையைக்கூட அசைக்க முடியாதிருந்த அவர், தேறிய பின்னர் அறையில் பேசப்பட்டவற்றையும் தமக்குச் செய்யப்பட்டவற்றையும் எடுத்துச் சொன்னார். அதற்கு முன்னர் இந்த மருந்துக்கு மயக்கும் தன்மையும் உண்டு என்று நம்பியவர்கள் இருந்தார்கள்.

மூச்சு விடக் கஷ்டப்படுற ஆளுக்கு மூச்சை நிப்பாட்டுற மருந்தை ஏன் குடுக்கினம்?

நியாயமான பயம்தான். ஆனால் நோயாளி தானாக விடும் மூச்சு போதாமல் இருப்பதனால்தான் ரியூப் போடும் முடிவே எடுக்கப்படுகிறது. தலையில் அடிபட்டவருக்குத் தாடை இறுகிக் கிடக்கும். அரை நினைவில் இருப்பவர் நாக்கை அழுத்தும் கருவியைக் கண்டால் ஓங்காளித்து வாந்தி எடுப்பார். குரல் நாண்கள் இறுக மூடிக்கொள்ளும். வாந்தி நுரையீரலுக்குள் போனால் முதல் நோயைவிட அது பெரிய வில்லங்கம். தசைகள் முழுவதும் தளர்ந்திருந்தால் வாய் திறக்கும், குரல் நாண்கள் விலகும், முதல் முயற்சியிலேயே ரியூப் உள்ளே போகும் வாய்ப்புக் கூடும். ஒவ்வொரு தவறிய முயற்சியும் வீக்கத்தையும் இரத்தக் கசிவையும் கூட்டுவதால், முதல் முயற்சிக்கு இவ்வளவு மதிப்பு.

மூச்சு நிற்கும் அந்த இடைவெளிக்கான முற்பணம், மருந்துக்கு முன்னரே கட்டப்படுகிறது. இறுக்கமான முகமூடியால் ஏறத்தாழ மூன்று நிமிடம் ஒட்சிசன் கொடுத்து நுரையீரலிலுள்ள நைதரசனை வெளியேற்றிவிட்டால், நல்ல உடல்நிலையிலுள்ள ஒரு வளர்ந்தவர் மூச்சின்றியே பல நிமிடங்கள் தாக்குப்பிடிப்பார். நிமோனியா உள்ளவர், உடல் பருத்தவர், கர்ப்பிணி, குழந்தை ஆகியோருக்கு அந்த அவகாசம் மிகக் குறைவு. "ஏன் இன்னும் முகமூடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், கெதியாகச் செய்யலாமே" என்று உறவினர் பதறுவது அந்த மூன்று நிமிடத்தில்தான். அதைக் குறைக்காமல் விடுவதே நோயாளிக்கு நன்மை.

இந்த மருந்து அம்பில பூசுற நஞ்சில இருந்து வந்தது எண்டு ரியூசனில சொன்னவை. உண்மையோ?

உண்மை. தென் அமெரிக்கக் காடுகளில் வேட்டை அம்புகளில் பூசப்பட்ட குராறே என்ற தாவர நஞ்சுதான் மூலம். 1814இல் சாள்ஸ் வோட்டர்ற்றன் குராறே ஏற்றப்பட்ட ஒரு கழுதைக்குத் துருத்தியால் காற்று ஊதி அதை உயிரோடு காப்பாற்றிக் காட்டினார். 1850களில் பிரான்சில் குளோட் பேர்னார்ட், இந்த நஞ்சு நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் வேலை செய்கிறது என்று நிறுவினார். 1942 சனவரி 23 அன்று கனடாவின் மொன்றியலில் ஹரோல்ட் கிரிபித்தும் எனிட் ஜோன்சனும் அதைச் சத்திரசிகிச்சை மயக்கத்தில் பயன்படுத்தி, அது வழக்கத்துக்கு வர வழி திறந்தனர். இன்று குராறே கையில் எடுக்கப்படுவதில்லை. அதன் வழிவந்த செயற்கை மருந்துகளே உள்ளன.

சக்ஸ், றொக் எண்டு ரெண்டு பேர் அடிபடுது. எது நல்லது?

சக்ஸ் என்பது சக்சாமெதோனியம். றொக் என்பது றொகியூறோனியம். இரண்டும் ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் வேலை தொடங்கும் என்பதால்தான் அவசர வேளையில் இவை தெரிவாகின்றன. வெக்கியூறோனியம், அற்றாகியூறியம் போன்றவற்றுக்கு இரண்டு மூன்று நிமிடங்கள் எடுக்கும். திட்டமிட்ட சத்திரசிகிச்சைக்கு அது பரவாயில்லை, வயிறு நிறையச் சாப்பிட்ட பின் விபத்துக்குள்ளானவருக்கு அது நீண்ட நேரம்.

சக்சாமெதோனியம் உருவில் அசற்றைல்கோலினை ஒத்தது. ஏற்பியில் ஒட்டித் தசையை ஒருமுறை தூண்டிவிட்டு, அங்கேயே தங்கி மறு தூண்டலைத் தடுக்கும். வழக்கமான அளவு உடல் எடையின் ஒரு கிலோகிராமுக்கு 1 தொடக்கம் 1.5 மில்லிகிராம். குருதியிலுள்ள கோலினெஸ்திரேசு நொதியம் அதை உடைப்பதால் பெரும்பாலானோருக்கு பத்து நிமிடமளவில் தசை திரும்பத் தொடங்கும். அதன் குறைகள், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்ற நீண்ட பட்டியலில் இருக்கின்றன: குருதியில் பொற்றாசியத்தை உயர்த்தும், சிலருக்கு இதயத் துடிப்பை மந்தமாக்கும், மரபுவழிக் குறைபாடு உள்ள மிகச் சிலருக்கு உடல் வெப்பத்தை உயிராபத்தான அளவுக்கு ஏற்றும்.

றொகியூறோனியம் ஏற்பியை அடைத்துக்கொண்டு சும்மா இருக்கும், தூண்டாது. அவசர வேளையில் கிலோகிராமுக்கு 1 தொடக்கம் 1.2 மில்லிகிராம் கொடுத்தால் சக்ஸுக்கு ஈடான வேகத்தில் வேலை செய்யும். ஆனால் தளர்வு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், சில வேளை அதற்கும் மேல், நீடிக்கும். பொற்றாசிய வில்லங்கம் இல்லை. எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடையாது. நோயாளியின் வரலாறு முழுமையாகத் தெரியாதபோது றொகியூறோனியமே பத்திரமானது என்பது என் கருத்து. நம் பகுதிக்கு அது ஏன் கூடுதலாகப் பொருந்தும் என்பது கீழே பாம்பு, பூச்சிமருந்து, பழைய காயம் பற்றிய விடைகளில் விளங்கும்.

ஊசி போட்ட உடன இமை, கன்னம் எல்லாம் துடிச்சுது. வலிப்போ?

வலிப்பு இல்லை. அது சக்சாமெதோனியம் ஏறியதன் அடையாளம். மேலே சொன்ன அந்த ஒருமுறைத் தூண்டல், தோலுக்கடியில் புழு நெளிவதைப் போன்று சிறு சிறு துடிப்புகளாகத் தெரியும். இமையிலும் முகத்திலும் தொடங்கி, கழுத்து, நெஞ்சு, தொடை என இறங்கிக் கால் விரல்களில் போய் ஓயும். கால் விரல் அடங்கியதும் வைத்தியர் தாடையைத் தொட்டுப் பார்ப்பார். அது தொங்கினால் நேரம் வந்துவிட்டது. தேறியவர்கள் மறுநாள் உடம்பு முழுக்க அடித்துப் போட்டது போல நோகிறது என்று முறையிடுவதும் இந்தத் துடிப்பினால்தான். றொகியூறோனியத்தில் இது இராது.

ரியூப் போகாட்டில் என்ன செய்யிறது? மூச்சும் நிண்டிருக்கும், ரியூப்பும் இல்லை.

ரியூப் போகாமை ஆபத்து அன்று. ஒட்சிசன் போகாமைதான் ஆபத்து. எனவே முயற்சி தவறியவுடன் வைத்தியர் மறுபடி மறுபடி குத்திக்கொண்டிராமல், முகமூடியும், கையால் அமுக்கிக் காற்றைத் தள்ளும் அம்பு (Ambu) பையும் கொண்டு காற்றைக் கொடுப்பார். அல்லது குரல்வளையின் வாயிலுக்கு மேலே அமர்த்தும் குரல்வளை முகமூடியை வைப்பார். இரண்டும் பயன்படாத மிக அரிய நிலையில் கழுத்தின் முன்புறம், குரல்வளைக் கசியிழையத்துக்குக் கீழுள்ள மென்சவ்வைக் கீறி அதன் வழியாகக் குழாய் செலுத்துவார்கள். அதற்கான கத்தி, ரியூப் போடத் தொடங்குமுன்னரே தட்டில் இருக்க வேண்டும்.

சக்ஸ் பத்து நிமிடத்தில் இறங்கிவிடும், ஆகவே தவறினாலும் ஆள் தானாக மூச்சு விடுவார் என்றொரு நம்பிக்கை நம்மிடையே நெடுங்காலம் உலவுகிறது. நோயுற்ற உடலில் ஒட்சிசன் தீரும் வேகத்துக்கு அந்தப் பத்து நிமிடம் ஈடுகொடாது. றொகியூறோனியத்தை உடனே முறிக்க சுகமடெக்ஸ் என்ற மருந்து உண்டு. அதற்குக் கிலோகிராமுக்கு 16 மில்லிகிராம் வேண்டும். 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு அது 960 மில்லிகிராம், அதாவது 200 மில்லிகிராம் கொண்ட ஐந்து குப்பிகள். விலை அதிகம், எல்லா இடத்திலும் இருக்கும் என்று எண்ணித் திட்டமிடக் கூடாது. பழைய முறிப்பு மருந்தான நியோஸ்ரிக்மினால் ஆழமான தளர்வை முறிக்க முடியாது. சக்ஸுக்கு அதைக் கொடுத்தால் தளர்வு நீளவும் செய்யும்.

பாம்பு கடிச்ச ஆளுக்கும் கண் மூடி, கை கால் வராமல் போகுது. அதுவும் இதே மாதிரியோ?

வன்னியில் இக்கேள்விக்கு நின்று விடை சொல்ல வேண்டும். நாகத்தின் நஞ்சும் எட்டடி விரியனின் நஞ்சும் நரம்பும் தசையும் சந்திக்கும் அதே இடத்தைத்தான் தாக்குகின்றன. நாக நஞ்சு, குராறேயைப் போல ஏற்பியில் போய் அமர்கிறது. எட்டடி விரியனின் நஞ்சில் முதன்மையான பகுதி நரம்பு நுனியையே சிதைத்துவிடுகிறது. குளத்து நீர் வயலுக்கு வராததற்கு, வயலடியில் வாய்க்காலை மண் அடைத்திருப்பதும் காரணமாகலாம், துருசே உடைந்து கிடப்பதும் காரணமாகலாம். நாகமும் றொகியூறோனியமும் முதலாவது, எட்டடி விரியன் இரண்டாவது. மண்ணை அள்ளினால் நீர் வரும். துருசைத் திருத்த நாள் எடுக்கும். அதனால்தான் பாம்பு நஞ்சு முறிப்பு மருந்து ஏற்றிய பின்னரும் எட்டடி விரியன் கடித்தவர் பல நாட்கள் செயற்கைச் சுவாசத்தில் இருக்க நேர்கிறது: மருந்து குருதியில் சுற்றும் நஞ்சைப் பிடிக்கும், சிதைந்த நுனி தானாக வளர வேண்டும். வளர்ந்துவிட்டால் பெரும்பாலானோர் முழுமையாகத் தேறிவிடுவர்.

இந்தக் கடி பெரும்பாலும் இரவில், நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவருக்கு நிகழ்கிறது. கடித்த இடத்தில் வீக்கமோ நோவோ அனேகமாக இராது. வயிற்று நோ என்று எழும்புவார்கள், விடியும்போது இமை தூக்க வராது. வயல் காவலுக்குப் போனவர் காலையில் "கண் திறக்குதில்லை" என்று சொன்னால், பாம்பைக் கண்டாரோ இல்லையோ, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு வாருங்கள்.

இவர்களுக்கு ரியூப் போடும்போது தசைகள் ஏற்கெனவே தளர்ந்திருப்பதால் தசைத்தளர்வு மருந்து சில வேளை தேவையே படாது. நினைவை அகற்றும் மருந்து கட்டாயம் தேவை. இமை மூடிக் கிடப்பதைப் பார்த்து, ஆளுக்கு நினைவில்லை என்று எண்ணுவது மிக எளிது. அவர் ஸ்கொட் சிமித் இருந்த அதே நிலையில் இருக்கிறார்.

முல்லைத்தீவு, மன்னார்க் கரைகளில் வலையிலிருந்து கடற்பாம்பு கடித்து வருவோர் வேறு வகை. பல கடற்பாம்புகளின் நஞ்சு தசையையே உடைத்துப் பொற்றாசியத்தைக் குருதிக்குள் விடும். அங்கே சக்சாமெதோனியம் எரிகிற தீயில் எண்ணெய்.

பூச்சிமருந்து உள்ள போன ஆளுக்கு "சக்ஸ் வேண்டாம்" எண்டு டொக்டர் சத்தம் போட்டவர். ஏன்?

வயலில் பயன்படும் ஒகனோபொசுபேற்று வகைப் பூச்சிமருந்துகள் கோலினெஸ்திரேசு நொதியத்தை முடக்குகின்றன. சக்ஸை உடைப்பதும் அதே நொதியம்தான் என்று முன்னர் பார்த்தோம். உடைக்க ஆள் இல்லாதபோது, பத்து நிமிடத்தில் தீர வேண்டிய தளர்வு மணிக்கணக்கில் நீளும். காபமேற்று வகைகளிலும் இது நேரலாம். றொகியூறோனியம் இந்த நொதியத்தை நம்பி இருக்கவில்லை. ஆனால் ஏற்பியில் அசற்றைல்கோலின் தேங்கி நிற்பதால் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படலாம்.

இங்கே ஒரு கிளைச் செய்தி. பூச்சிமருந்தின் முதல் தாக்கம் அடங்கி, ஆள் எழுந்து கதைத்துக்கொண்டிருக்கும்போது, ஒரு நாள் தொடக்கம் நான்கு நாட்களுக்குள் கழுத்தும் தோளும் சோர்ந்து மூச்சு நிற்கும் நிலை ஒன்று உண்டு. அதை 1987இல் மருத்துவ உலகுக்கு விவரித்தவர்கள் இலங்கையைச் சேர்ந்த நிமால் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும். விடுதியில் அதை முன்கூட்டியே பிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம்: தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். நேற்றுத் தூக்கியவர் இன்று தூக்க முடியாமல் தாடையை மட்டும் நீட்டினால், "நல்லாத்தான் கதைக்கிறார்" என்று விட்டுவிடாமல் உடனே வைத்தியரை அழையுங்கள்.

பூச்சிமருந்து படாமலே பிறப்பிலிருந்து இந்த நொதியம் குறைந்தவர்களும் உளர். ஆந்திரப் பகுதியின் வைசிய சமூகத்தாரிடையே இக்குறைபாடு கூடுதலாகக் காணப்படுகிறது. "ஒப்பரேசனுக்குப் பிறகு கனநேரம் மூச்சு வரேல்லை" என்று குடும்பத்தில் எவரைப் பற்றியேனும் கதை இருந்தால் அதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

எனக்குச் சண்டையில முள்ளந்தண்டில காயம், இடுப்புக்குக் கீழ வராது. இதைச் சொல்ல வேணுமோ? பழைய காயந்தானே.

கட்டாயம் சொல்ல வேண்டும். 2009 வரையான போரில் முள்ளந்தண்டுக் காயமுற்றுச் சக்கர நாற்காலியில் வாழ்வோர் நம்மிடையே பலர். நரம்பின் தொடர்பை இழந்த தசை, ஏற்பிகளைச் சந்திப்பு இடத்தில் மட்டும் வைத்திராமல் தன் மேற்பரப்பு முழுவதும் முளைக்க விடுகிறது. சாதாரணமானவருக்குச் சக்ஸ் ஏற்றினால் பொற்றாசியம் லீற்றருக்கு 0.5 மில்லிமோல் அளவில் உயரும்; இத்தகைய தசையில் அது பல மடங்காக உயர்ந்து இதயத்தையே நிறுத்தக்கூடும். காயம் ஏற்பட்ட முதல் ஒன்றிரண்டு நாளில் இந்த ஆபத்து இல்லை. மூன்றாம் நாளளவில் தொடங்கி மாதக்கணக்கில் இருக்கும், சிலருக்கு அதற்கும் அப்பால் நீளும். ஆண்டுகள் கடந்த காயத்திலும் சக்ஸைத் தவிர்ப்பதே வழக்கம். றொகியூறோனியம் இருக்கும்போது சூதாட வேண்டியதில்லை.

பெரிய எரிகாயம், நசுங்கிய கால், பக்கவாதம், அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுநாள் படுக்கை ஆகியவற்றுக்கும் இதே காரணமே பொருந்தும். விபத்தில் நினைவிழந்து வருபவரால் இதைச் சொல்ல முடியாது. கூட வருபவர் சொல்லட்டும். கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டு வாருங்கள்.

அப்பாவுக்குக் கிட்னி வருத்தம், டயலிசிஸ் செய்யிறவர். அவருக்கு?

சிறுநீரகம் பழுதுற்றது மட்டும் சக்ஸுக்குத் தடை அன்று. பொற்றாசியம் ஏற்கெனவே உயர்ந்திருந்தால் தடை. கடைசியாக எப்போது டயலிசிஸ் செய்தது, ஏதேனும் தவறியதா என்பதுதான் முதலில் கேட்கப்படும். பின்னர் தளர்வைத் தொடர வேண்டியிருந்தால் அற்றாகியூறியம் வசதியானது. அது உடல் வெப்பத்திலும் அமில காரநிலையிலும் தானாகவே சிதைவதால் சிறுநீரகத்தையோ ஈரலையோ எதிர்பார்ப்பதில்லை.

சின்னப் பிள்ளையளுக்கும் இதே மருந்தோ?

ஆம், அளவுகள் எடைக்கேற்ப மாறும். குழந்தைக்கு ஒட்சிசன் தீரும் வேகம் அதிகம் என்பதால் எல்லாம் விரைவாக நடக்க வேண்டும். சக்ஸ் ஏற்றினால் இதயத் துடிப்பு மந்தமாகலாம். அதை உயர்த்தும் அற்றோபின் மருந்து கையருகே இருக்கும். கண்டறியப்படாத தசைச் சிதைவு நோயுள்ள ஆண் பிள்ளைகளில் சக்ஸினால் இதயம் நின்ற நிகழ்வுகள் இருப்பதால், நடக்கப் பிந்திய, அடிக்கடி விழுகின்ற மகன் என்றால் அதைச் சொல்லுங்கள்.

கரண்ட் போனால் ஃபிரிட்ஜில இருக்கிற மருந்து பழுதாகிவிடுமோ?

சக்ஸும் றொகியூறோனியமும் 2 தொடக்கம் 8 பாகை செல்சியசில் வைக்கப்பட வேண்டியவை. சில மணித்தியால மின்வெட்டில் கெட்டுவிடாது; உற்பத்தியாளர் தாளில் குறித்துள்ள நாட்களுக்கு வெளியிலும் வைக்கலாம். ஆனால் அந்த நாட்கணக்கு 25, 30 பாகை அறைக்கு உரியது, சித்திரை வெயிலில் நிற்கும் அம்புலன்ஸுக்கு உரியது அன்று. வெளியே எடுத்த நாளைக் குப்பியில் எழுதி ஒட்டாமல் திரும்பக் குளிரூட்டியில் வைப்பதுதான் உண்மையான தவறு; அப்புறம் அது எத்தனை நாள் வெளியே இருந்தது என்று எவருக்கும் தெரியாது.

சிரிஞ்சில ஏன் சிவப்பு லேபல்?

ஊசிகளுக்கான சர்வதேச நிற ஒழுங்கில் தசைத்தளர்வு மருந்துக்குச் சிவப்பு, மயக்கத்தைத் தொடங்கும் மருந்துக்கு மஞ்சள். லேபல் இல்லாத இடத்தில் பிளாஸ்ரரில் எழுதி ஒட்டினால் போதும். ஆனால் மருந்தை உறிஞ்சிய அதே கை, அடுத்த வேலைக்குப் போகுமுன் எழுத வேண்டும். தெளிந்த திரவம் கொண்ட இரண்டு சிரிஞ்சுகள் தட்டில் கிடந்தால், எது சேலைன், எது றொகியூறோனியம் என்று பார்வையால் சொல்ல முடியாது.

தியேட்டரால நல்லா வந்தவர், விடுதியில கன்னியூலாவால அன்ரிபயோற்றிக் ஏத்த மூச்சு நிண்டது எண்டு சொல்லுகினம். அலர்ஜியோ?

ஒவ்வாமையாகவும் இருக்கலாம், ஆனால் தாதிய மாணவர் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு காரணம் உண்டு. நாளத்தில் குத்தி வைக்கப்பட்ட கன்னியூலாவிலும் அதனோடு இணைந்த நீட்டுக் குழாயிலும் ஓரிரு மில்லிலீற்றர் தங்கும். தசைத்தளர்வு மருந்தை ஏற்றிய பின் அதைச் சேலைனால் கழுவாமல் விட்டால், மிச்சம் அங்கேயே காத்திருந்து, அடுத்த மருந்தின் முன்னால் தள்ளப்பட்டு உடலுக்குள் போகும். சிறு பிள்ளைக்கு அந்த மிச்சமே போதும். தியேட்டரை விட்டு வெளியேறுமுன் எல்லாக் கன்னியூலாவும் கழுவப்பட்டதா என்று கேட்டு வாங்குவது விடுதித் தாதியின் உரிமை. நேர்ந்துவிட்டால் மருத்துவம் எளிது: அம்பு பையால் காற்றுக் கொடுங்கள், ஆளுக்கு எல்லாம் கேட்கும் என்பதை மறவாமல் ஆறுதல் சொல்லிக்கொண்டே கொடுங்கள்.

யாழ்ப்பாணத்துக்கு மாத்தேக்க ஆள் அமைதியாத்தான் கிடந்தவர். பிறகு "எல்லாம் தெரியும்" எண்டு சொல்லுறார். எப்பிடி?

கணக்குப் பார்ப்போம். கிளிநொச்சியில் கெற்றமினும் றொகியூறோனியமும் ஒருங்கே ஏற்றி ரியூப் போடப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கெற்றமின் ஒருமுறை ஏற்றினால் பத்து, இருபது நிமிடம் வரை நிற்கும். றொகியூறோனியம் ஒரு மணித்தியாலம் நிற்கும். தொடர்ந்து உறங்க வைக்கும் மருந்து எதுவும் தொடங்காமல் அம்புலன்ஸ் புறப்பட்டால், ஆனையிறவைக் கடக்கும்போது ஆள் விழித்திருப்பார். வண்டிச் சத்தம், தொண்டையில் ரியூப், முறிந்த தொடையின் நோவு எல்லாம் தெரியும். விரலைக்கூட அசைக்க முடியாது. கூடப் போகிறவர் "நல்ல அமைதி" என்று குறிப்பு எழுதிக்கொண்டிருப்பார்.

சக்ஸ் மட்டுமே பழகிய காலத்தில் இந்தச் சிக்கல் குறைவாக இருந்தது. மயக்கம் தெளியும்போது தசையும் திரும்பியதால் ஆள் நெளிந்து காட்டிக்கொடுத்தார். றொகியூறோனியத்துக்கு மாறுகிறவர் இந்த ஒன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்: ரியூப்பைக் கட்டி முடித்து, அது சரியான குழலில் இருப்பதைக் காபனீரொட்சைட்டு அலை காட்டியதும், மிடசோலம், மோர்பின் போன்றவற்றைப் பம்பில் தொடங்கிவிட வேண்டும், வண்டியில் ஏற்றுமுன். பாதையில் இதயத் துடிப்பு ஏறுதல், குருதி அழுத்தம் உயர்தல், வியர்த்தல், கண்ணோரம் நீர் வடிதல் ஆகியவற்றை விழிப்பின் அடையாளமாக எடுக்க வேண்டும். குருதி அழுத்தம் விழுந்துபோன நோயாளியிலும் இதயத்துக்குத் தனி மருந்து ஏறுபவரிலும் இந்த அடையாளங்களும் தெரியாமல் போகலாம். எனவே அடையாளத்துக்குக் காத்திராமல் நேரத்தைப் பார்த்துக் கொடுப்பதே மேல்.

அப்ப நாங்கள் பக்கத்தில நிண்டு கதைச்சதெல்லாம் கேட்டிருக்குமோ?

கேட்டிருக்கலாம். பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் நடத்தப்பட்டு 2014இல் வெளிவந்த பெரும் தணிக்கையில், சத்திரசிகிச்சையின்போது விழிப்பு வந்ததாக நோயாளர் முறையிட்டது, தசைத்தளர்வு மருந்து பெற்றோரில் ஏறத்தாழ 8,000க்கு ஒருவர். பெறாதோரில் 136,000க்கு ஒருவர். அது கண்காணிப்பு நிறைந்த தியேட்டர்க் கணக்கு. 2021இல் வெளியான ஓர் அமெரிக்க அவசரப் பிரிவு ஆய்வில், ரியூப் போடப்பட்டுத் தேறிய 383 பேரில் 2.6 சதவீதத்தினர் தசை தளர்ந்த நிலையில் விழித்திருந்தனர். அவர்களில் 70 சதவீதத்தினர் றொகியூறோனியம் பெற்றவர்கள்.

ஆகவே கட்டிலருகே "தப்பமாட்டார் போல" என்று கதைக்காதீர்கள். பெயர் சொல்லி அழைத்து, "வைத்தியசாலையில் இருக்கிறீங்கள், மருந்தாலதான் அசைய ஏலாமல் கிடக்கு, மெசின் மூச்சுக் குடுக்குது, நாங்கள் வெளியில நிக்கிறம்" என்று சொல்லுங்கள். பின்னர் தேறியவர் ஏதேனும் நினைவிருப்பதாகச் சொன்னால், கனவு என்று தட்டிக்கழிக்காமல் வைத்தியரிடம் சொல்ல வைக்க வேண்டும். இத்தகையோருக்கு நித்திரைக் குழப்பமும் பயமும் நெடுங்காலம் தொடர்வதுண்டு.

பாம்பு கடிச்சு ஐசீயூவில இருக்கிறவர் ஒண்டுக்கும் அசையேல்லை. கண்மணியும் வெளிச்சத்துக்குச் சுருங்கேல்லை. மூளை செத்துப்போச்சோ?

இதுதான் எல்லாவற்றிலும் சிக்கலானது. றொகியூறோனியமோ சக்ஸோ கண்மணியைத் தொடுவதில்லை. அங்குள்ள தசை வேறு வகை. எனவே அம்மருந்துகளால் தளர்ந்தவரின் கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்க வேண்டும்; சுருங்காவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும். ஆனால் எட்டடி விரியனின் நஞ்சு கண்மணியை இயக்கும் நரம்பு நுனிகளையும் தாக்கக்கூடும். இருமல் இல்லை, மூச்சு இல்லை, கண்மணி விரிந்து அசையாதிருக்கிறது என்பவை எல்லாம் ஒருங்கே இருந்தும், மூளை முழு நலத்தோடு இருந்து, நாட்கள் கழித்து எழுந்து நடந்தவர்கள் பற்றிய மருத்துவப் பதிவுகள் உள்ளன.

மூளைச்சாவுக்கான சோதனைகள் யாவும் தசை வேலை செய்கிறது என்ற அனுமானத்தின் மேல் நிற்பவை. அதனால்தான் தசைத்தளர்வு மருந்தோ நரம்பு நஞ்சோ உடலில் இருக்கும்வரை அச்சோதனைகளைச் செய்து முடிவு சொல்லக் கூடாது என்பது விதி. மருந்தின் மிச்சம் உண்டா என்று அறிய, மணிக்கட்டில் இரு ஒட்டிகளை வைத்து நரம்புக்கு நான்கு சிறு மின்தூண்டல்கள் கொடுத்துப் பெருவிரல் எத்தனை தரம் துடிக்கிறது என்று பார்ப்பார்கள். நான்கும் ஒரே பலத்தில் வந்தால் மருந்து பெரும்பாலும் நீங்கிவிட்டது. பாம்பு நஞ்சில் அச்சோதனை அவ்வளவு தெளிவான விடை தராது. அங்கே வைத்தியர் "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்பம்" என்று சொன்னால், அது உங்களைச் சமாளிக்கச் சொல்வது அன்று. முதலில் திரும்புவது ஒரு சிறு விரல் அசைவாகவும் இருக்கலாம். தாதியோடு சேர்ந்து நீங்களும் அதைப் பாருங்கள், கண்டால் நேரத்தைக் குறித்துச் சொல்லுங்கள்.